பதினோரு நிமிடம்

புதுசு வாங்கினால் முப்பத்தெட்டாயிரம்.
புராசஸரை மட்டும் மாற்ற முடியாது,
அதற்கேற்ற போர்டு வேண்டும்,
போர்டுக்கேற்ற ரேம் வேண்டும் என்று
மார்த்தாண்டத்திலிருந்து ஷஜிமோன்
போனில் அடுக்கிக்கொண்டே போனான்.
பூதலிங்கம் அண்ணாச்சி
கால்குலேட்டரைக் குப்புறக் கவிழ்த்தார்.
"சீட்டு விழட்டும், பொறவு பாப்பம்.
இருக்கத வச்சி ஓட்டு பிள்ளே."

இருக்கிறதுக்கு ஏழு வயசு.
கல்யாணம் ஒன்றைக் கோர்த்து முடித்து
ரெண்டர் கொடுத்தால்
ஒரு மணி எட்டு நிமிடம்.
அதுவரை பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்திருப்பேன்,
வடசேரியில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி.

அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவிட்டுப் போன ராத்திரி
மாடி அறையிலிருந்து பின்வழியாக இறங்கி வந்து
டெலீட் பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்தேன்.
முப்பத்தைந்து என்றிருந்த கட்டத்தில்
முப்பத்தெட்டு போட்டேன்.
எழுந்தது. முணுமுணுக்கவில்லை.
நாற்பது.
அதற்கும் சரி என்றது.
நாற்பத்திரண்டில்
விண்டோஸ் வருகிற வழியிலேயே விழுந்தது.

"வோல்டேஜ இத்திப்போலக் கூட்டு" என்றான் ஷஜிமோன்,
தூக்கக் குரலில்.
"எல்லாம் ஒரே தகட்டுல வெட்டுனதாக்கும்.
நல்லதுக்கும் மோசத்துக்கும் ஒரே லேபிளு.
ஒனக்கு வாச்சது எதுன்னு
ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்."

இத்திப்போலக் கூட்டினேன்.
நின்றது.
ஆனால் சூடு தொண்ணூற்றாறு.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
மேசையோடு சேர்த்து ஜன்னலோரம் இழுத்துப்போட்டேன்.
ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம்
ஜன்னல் திறப்பவள் முதலில் காகிதங்களை நினைக்க வேண்டும்.
பில்களின் மேல் செத்த ஹார்ட் டிஸ்க் இரண்டை வைத்தேன்.
தூசிக்குக் கொசுவலைத் துண்டை
நாலு மூலையிலும் ஆணியடித்தேன்.
பிறகு கொக்கியை எடுத்தேன்.

முப்பந்தலில் அத்தனை இறக்கைகளையும் சுற்றிவிட்டு
மிச்சமிருந்த காற்று
உள்ளே வந்து
தீப்பெட்டி அளவுச் சில்லு ஒன்றின் மேல் உட்கார்ந்தது.
எண்பத்துநாலு.

ஆசை யாரை விட்டது, நாற்பத்துமூன்றும் போட்டுப் பார்த்தேன்.
முட்டத்துப் பெண் மெர்லின் பெனிட்டாவின்
மோதிரம் பாதி விரலில் போகும்போது
திரை நீலமானது.
தொண்ணூற்றொரு சதவீதம்.
திட்டிக்கொண்டே நாற்பத்திரண்டுக்கு இறங்கினேன்.
நாலரை மணி ரயில் தடதடத்துப் போகும்போதும்
அது விழவில்லை.
பெனிட்டாவின் மோதிரம் முழுசாய் ஏறியது.
ஐம்பத்தேழு நிமிடம்.

காலையில் அண்ணாச்சி காதைச் சாய்த்தார்.
"மெசினு சத்தம் கூடிருக்கே?"
காத்து, அண்ணாச்சி.
"ரெண்டருக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

ஐம்பத்தேழு என்று நாக்கு வரை வந்தது.
சொல்லியிருந்தால்
அடுத்த வாரமே பறக்கைக் காதுகுத்து ஒன்று
என் தலையில் ஏறியிருக்கும்.
அவர் கெட்டவரில்லை.
இடம் இருந்தால் சாமான் வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு மணி எட்டு நிமிசம், அண்ணாச்சி.

ரெண்டர் முடிந்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு
பின்வாசலுக்குப் போய்விடுவேன்.
முதல் நாள்
ஒரு செவ்வாழையை நார்நாராக உரித்துத் தின்றேன்.
இரண்டாம் நாள் நகம் வெட்டினேன்.
மூன்றாம் நாள்
ஒன்றுமே செய்யவில்லை.
துப்பட்டா மட்டும் படபடவென்று
தெற்கே யாரையோ கூப்பிட்டது.

ஐப்பசியில் காற்று படுத்துவிடும்.
அப்போது நாற்பதுக்கு இறக்கியாக வேண்டும்.
கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்,
மிச்சம் எட்டரை நிமிடம்.
இரண்டு கை நகத்துக்கும் போதும்.